நீராவியில் கழுவிய காந்தம்

வலங்கைமான் பக்கம் எங்கள் புழுங்கல் அரிசி ஆலை. நெல் கொட்டும் வாயில் ஒரு காந்தம் உண்டு. நெல்லோடு வரும் ஆணி, கம்பி, அறுப்பு எந்திரத்தின் உடைந்த பல், எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். தினமும் அதைத் துடைப்பது என் கணவரின் வேலை.

ஆயுத பூஜை நெருங்கினால் அவருக்குச் சாமி வந்துவிடும். பாய்லரில்தான் நீராவி சும்மா கிடைக்கிறதே, கழற்ற முடிந்த சாமான் அத்தனையையும் அதில் கழுவுவார். பழைய கறுப்புக் காந்தம் வருஷாவருஷம் அப்படிக் குளித்தும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் பளபளவென்று புது உலோகக் காந்தம் வாங்கியிருந்தோம்.

"நல்லா ஸ்டீம் காட்டுப்பா, பிசுக்கே இருக்கக்கூடாது" என்றார் மாமியார். என் கணவர் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து மாட்டினார்.

குறுவை நெல் குவிந்த வாரத்தில் ஓர் இரும்புத் துண்டு காந்தத்தைத் தாண்டி அரவைக்குள் போனது. பொறி பறந்து தவிட்டுத் தூசி பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த என் கணவர் வெளியே வரவில்லை.

"காந்தத்தைத் துடைக்காம விட்டுட்டானே, சோம்பேறி!" என்று மாமியார் அழுததை ஊரே பிடித்துக்கொண்டது. 

நெருப்பு எட்டாத அந்த நெல் கொட்டும் வாயிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நான் இயற்பியல் நடத்தும் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். குண்டூசியைப் பிடித்தது, ஆணியை விட்டுவிட்டது. பழைய கறுப்புக் காந்தம் நீராவிச் சூட்டைத் தாங்கும் வகை. இந்தப் புது வகைக் காந்தத்தின் பலமே, உள்ளே படிகத்துக்கு இசைந்த ஒரு திசையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும். கொஞ்சம் சூடென்றால் ஆறியதும் சரியாகிவிடும். அளவு மீறினால் ஆறின பிறகும் போன பலம் தானாகத் திரும்பாது. அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, ஆணிகளை ஒட்டவைத்து நீராவி காட்டினேன். ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அந்தச் சத்தம் ஆலை ஓடாத நாளிலும் எனக்குக் கேட்கிறது.

மாமியாரிடம் நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் மகன் பேர் துலங்கும், தாய் உடைந்துபோவார்.

இந்த ஆயுத பூஜைக்கு, ஆலையைச் சரிசெய்தபோது மாட்டிய புதுக் காந்தத்தை மாமியாரே கழற்றி நீராவிக் குழாயருகே கொண்டுபோனார். நான் ஓடினேன்.

"அதுக்கு ஸ்டீம் வேணாம் அத்தை! சூடு பட்டா பலம் போயிடும்."

அவர் காந்தத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"அப்ப அவன் துடைச்சுத்தான் வச்சிருந்தானா?"

"தினமும் துடைச்சாருங்க அத்தை."

"நான்தானே ஸ்டீம் காட்டச் சொன்னேன்."

முந்தானையால் காந்தத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பளபளத்த பிறகும் நிறுத்தவில்லை.