வெர்லின் பிரதரும் பின்கதவும்

ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக் கோப்பையைக் கையில் வாங்கும் முன்னே வெர்லின் பிரதர் சபைக் கூடத்துப் பின்கதவுக்குப் போய்விடுவார். தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பியில் உள்ளங்கையால் ஒரு அழுத்து. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்க்குள் எண்ணுவார். கதவு திறக்கும். அப்புறம்தான் காப்பி, ஆப்பிள் பை பலகாரம் எல்லாம்.

"திறக்குதா பிரதர்? அப்ப என் பிரசங்கம் நீண்டா நீங்க தப்பிச்சுக்கலாம்" என்று பாஸ்டரே கேலி செய்வார். இவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்பார்.

அறுபத்தொரு வயது. ஒஹாயோவில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம், நூலகம், சபை, எங்கே போனாலும் கதவு இவர் மாட்டியதாக இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்காது. மட்டம் சரிபார்த்துக் கதவு நிலையில் செருக மெல்லிய மரத்துண்டுகள் நாலைந்து இருக்கும். கிரீச்சிடும் கதவைக் கண்டால், "பாவம், இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று எண்ணெய் விட்டுவிடுவார். யார் வீட்டுக் கதவானாலும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் ராண்டாவின் டயர் கடையில் அவள் தம்பி கர்டிஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் இவர் ஜூரியில் இருந்தார். பன்னிரண்டு பேருக்கு இவர்தான் தலைவர். செத்தவர் இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு வந்தது உண்மை. ஆனால் அன்றைய சட்டப்படி, வீட்டுக்கு வெளியே ஒருவன் அடிக்க வந்தால், விலகிப் போக வழியிருந்தால் போய்விட வேண்டும். வழியில்லாவிட்டால்தான் சுடலாம். கடைக்குப் பின்கதவு இருந்தது. அடி விழுவதற்குள் கர்டிஸ் அதன்வழியே போயிருக்க முடியுமா என்று இரண்டு நாள் இழுபறி. கடைசியில் எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கதவின் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் மாட்டுற மாதிரிக் கதவுதான். ஒரு தள்ளு. ரெண்டு எண்ணுறதுக்குள்ள வெளிய நிக்கலாம்" என்றார். கர்டிஸுக்குப் பதினாலு வருஷம்.

இரண்டு வருஷம் கழித்துச் சட்டத்தை மாற்றினார்கள். இனி யாரும் விலகிப் போக வேண்டியதில்லை. பழைய தீர்ப்பு பழைய தீர்ப்புதான். ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது இவர் சபைச் சமையலறையில் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சட்டம் மாறிடுச்சு சிஸ்டர். கதவு மாறலியே" என்றார் என்னிடம். எண்ணிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

கர்டிஸுக்கு மன்னிப்புக் கேட்டு ராண்டா ஆளுநருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறாள். ஜூரியில் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தலைவர் போடாத மனுவை யார் மதிப்பார்கள்? செத்தவரின் மனைவியோ எங்கள் சபையில் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள். "போட்டா அந்தம்மா புருஷன் செத்தது ஒண்ணுமில்லேன்னு ஆயிடும். போடலேன்னா..." என்று நிறுத்திவிடுவார். நானும் இதை ஜெபத்தில் வைத்திருந்தேன். அவரோ ராண்டாவின் கண்ணில் படாமல், டயர் மாற்ற அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

போன செவ்வாய், நானும் அவரும் முதியோர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில், அந்தக் கடைக்கு எதிரேயே சபை வேன் டயர் இறங்கிப்போனது. ராண்டா டயரைக் கழற்றினாள். இவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கதவை நான் பார்க்கலாமாம்மா?"

அவர் ஒரு கதவுக்கு அனுமதி கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். அவள் தலையசைத்தாள். கம்பியில் கை வைத்தார். "ஒண்ணு" என்பதற்குள் திறந்துகொண்டது. வெயில் உள்ளே விழுந்தது.

"இறுகிக் கிடக்கும்னு நெனச்சேன் சிஸ்டர். கிடக்கணும்னு ஜெபமே பண்ணினேன். கிடந்தா யோசிக்காம கையெழுத்துப் போட்டிருப்பேன்."

ராண்டா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நல்லாத்தான் திறக்கும் மிஸ்டர் வெர்லின். தினமும் குப்பையை அதுவழியாத்தான் கொண்டுபோறேன். என்னை யாரும் இரும்புக் கம்பியோட துரத்துறதில்ல, அவ்வளவுதான்."

அவர் கதவைச் சாத்தினார். சட்டைப்பையைத் தடவினார்; மரத்துண்டுகள்தான் இருந்தன. அவளிடம் மனுவையும் பேனாவையும் கேட்டு வாங்கினார். தாளை அந்தக் கதவின் மேலேயே விரித்து, கதவின் குறுக்குக் கம்பியில் கை பட்டுவிடாமல் ஒதுங்கி நின்று, கையெழுத்துப் போட்டார்.