பல் பதிந்த சுங்கான்

கோவை கணபதிப் பகுதியில் மோட்டார் பம்புக்குச் சாமான் கடையும் லேத் பட்டறைகள் தெருவுக்கு நாலு இருக்கும். அதில் ஒன்றில் நிஜாம் வேலை பார்த்தார். லேத் ஓடத் தொடங்கினால் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். கை இரும்பில் இருக்கும். கண், சுருள் சுருளாக விழும் பிசிறைப் பார்த்தபடி எங்கோ மிதக்கும். இந்தப் பம்பு எந்தக் கிணற்றில் இறங்கும், அது இறைக்கும் தண்ணீர் வாழைக்குப் பாயுமா சோளத்துக்குப் பாயுமா என்று யோசனை ஓடும். ஆனாலும் அளவு தப்பாது. கோணலான பொருள் ஒன்று அவர் கையை விட்டு வெளியே போனதில்லை. அதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமையே ஒருமுறை அவரை மாட்டிவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு மதியம் மாசாணியம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருப்பவர்.

“ஏனுங் பாய், சின்னச் சாமானெல்லாம் ரிப்பேரு பண்ணுவீங்களாமா?”

“குடுங்க்கா, பாக்கலாம்.”

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சுங்கான் வெளியே வந்தது. புகையிலை போடும் மரக்கிண்ணம் தனியாக, வாயில் வைக்கும் கறுப்புக் கெட்டி ரப்பர் குழாய் தனியாக. குழாயைக் கிண்ணத்தில் செருகும் முளை ஒடிந்து மரத்துக்குள்ளேயே சிக்கியிருந்தது.

“அலமாரி தொடைக்கையில உழுந்துபோச்சுங்க. எங்கூட்டுக்காரரோடது.”

கணவர் ராசப்பன் தை மாதம் இறந்துபோனார். வெள்ளகோவில் பக்கம் கூலிக்குப் பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, கோவைக்கு வந்து மில்லில் பாய்லர் பார்த்தவர். ஊரை விட்டுப் போன இஞ்சினியர் ஒருவர் கொடுத்த சுங்கான் அது. அதற்கான புகையிலைக்கு அவர் எங்கே போவார்? பீடியைப் பிரித்துத் தூளைக் கொட்டிப் பற்றவைத்துக்கொள்வாராம்.

“இடுப்புல துண்டு, வாயில இது. தொரை வந்துட்டாருன்னு லைனே சிரிக்குமுங்க.”

“குழாய் பழசாப் போச்சுங்க்கா. புதுசாவே ஒண்ணு கடைஞ்சு தாரேன்.”

“அய்யோ, வேண்டாமுங்க!” மாசாணியம்மாள் குழாயைப் பிடுங்கி அதன் நுனியைக் காட்டினார். மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம். “வருசக்கணக்கா கடிச்ச தடமுங்க. போட்டோவுல அவரு அவராட்டவே இல்லீங்க. இதுலதான் இருக்கறாரு. ஒடைஞ்சதை மட்டும் சேத்திக் குடுங்க. போதும்.”

நிஜாம் சரியென்று வாங்கிக்கொண்டார்.

மரத்துக்குள் சிக்கிய துண்டில் ஒரு திருகாணியை மெல்ல ஏற்றி, பல் பிடுங்குவது போல வெளியே இழுத்தார். நைலான் துண்டில் புதிதாக ஒரு முளை கடைந்து, அதில் மரை போட்டுக் குழாயோடு முடுக்கினார். கிண்ணமும் குழாயும் பிரிந்ததே இல்லை என்பதுபோல் சேர்ந்துகொண்டன. அத்தோடு விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு எடுத்துப் போய் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழாயின் நுனி ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது ஓரத்திலேயே வைத்துக் கடித்த வாய். நிஜாமுக்குக் கை அரித்தது. கொஞ்சம் சூடு காட்டினால் ரப்பர் இளகும், நேராக்கிவிடலாம். கொதிக்கிற தண்ணீரில் நுனியை முக்கினார். ஆவி எழுந்தது. அந்த ஆவியில் அவருக்குப் பாய்லர் அறை தெரிந்தது. நெருப்பின் சிவப்பில் இடுப்புத் துண்டோடு ஒரு மனிதர், வாயோரத்தில் சுங்கான். வேர்வை மார்பில் வழிகிறது. திரும்பி இவரைப் பார்த்து ஏதோ சொல்ல வருகிறார்...

குழாயை வெளியே எடுத்தபோது நுனி நேராக இருந்தது. மேல்பள்ளத்தைக் காணோம்.

அந்தக் கறுப்பு ரப்பர் சூடு கண்டால், தான் பிறந்தபோது இருந்த உருவத்துக்கே திரும்பிவிடும். அது அவருக்குத் தெரியாது. கீழ்ப்பள்ளம் ஆழமானது என்பதால் பாதி நின்றிருந்தது. மேலே விரல் வைத்தால் வழவழவென்று வழுக்கியது.

ரப்பர் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது. அவர் அதை மெதுவாகத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். ஒரே கடி. யாருக்குத் தெரியப்போகிறது?

“ஏனுங்க, பல்லு வெளக்கறீங்களா அதுல?” மனைவி நிலோஃபர் பின்னால் நின்றிருந்தாள்.

நிஜாம் நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“கடிச்சுக் குடுத்துட்டா அந்தக்காவுக்குத் தெரியாதுங்க. ஆனா எம்புருசன் பல்லை அந்தக்கா தெனமும் தடவிட்டுக் கெடக்கோணுமா? அதுவும் தம்புருசன்னு நெனச்சுட்டு?”

நிஜாம் குழாயைக் கீழே வைத்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவரே லைன் வீட்டுக்குப் போனார். மாசாணியம்மாள் சுங்கானை வாங்கி, சேர்ந்த இடத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு கட்டைவிரல் பழக்கப்படி நுனிக்குப் போய், மேலே எதையோ தேடி நின்றது.

“நேராக்கறேன்னு சுடுதண்ணியில முக்கிப்போட்டேனுங்க்கா. மேல இருந்தது போயிருச்சு.”

வாசலில் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. விரல் மேலேயும் கீழேயும் போய்ப் போய் வந்தது.

“நீங்க கை வச்சிருக்க வேண்டாமுங்க, பாய்” என்றார்.

“ஆமாங்க்கா.”

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்பள்ளத்தில் விரலை வைத்தார். கண்ணைத் திறக்காமலே பேசினார். “கடைசி வருசம் மேல்பல்லு ரெண்டும் உழுந்துபோச்சுங்க அவருக்கு. ஈறுலதான் இதை அமுத்தி வச்சுட்டிருப்பாரு. பொக்கைவாய்த் தொரைன்னு நானே கேலி பண்ணுவேன்.” விரல் நகரவில்லை. “நான் அந்தப் பழைய ஆளையே தடவிட்டு இருந்தேன். இது அந்தக் கடைசி வருசத்து ஆளுங்க.”

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நிஜாம் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகும் அவர் லேத்தில் நின்றபடி ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார். அது மாறவில்லை. ஆனால் யார் எதை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாலும், “இதுல நான் எதைத் தொடக்கூடாதுங்க?” என்று முதலில் கேட்டுக்கொள்வார்.

“மிக்ஸி ஜாருங்க பாய் இது” என்றார் ஒருவர். “எங்க வேணாலும் தொடுங்க.”

நிஜாம் அதையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.