இருநூற்று ஐந்து மணி

ஆட்டையாம்பட்டியைத் தாண்டி வெண்ணந்தூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பேருந்துகள் கடந்து போயின. கை காட்டவில்லை. மத்தியான வெயில். தம்பியின் நிச்சயத்துக்கென்று அம்மா எடுத்துக் கொடுத்த வேட்டியில் செம்மண் ஏறியிருந்தது. ஊர் எல்லையில் அப்பா வைத்திருந்த பேனரை மறுபடி பார்க்க வேண்டாமென்று காட்டு வழியாகச் சுற்றி வந்து சாலையில் ஏறியிருந்தேன்.

பேனரில் தம்பி வெள்ளைச் சட்டையில், தோளில் பட்டையோடு நின்றான். பின்னால் பெரிய விமானம். மேலே 'கேப்டன்' என்று போட்டிருந்தது. அந்த மாதிரி விமானத்தில் அவன் பயணியாகக்கூட ஏறியதில்லை. அவன் ஓட்டியதெல்லாம் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம். இருநூறு மணி நேரம் ஓட்டினால் விமானி உரிமம் கிடைக்கும். அவனிடம் இருநூற்று ஐந்து இருந்தது. கேப்டன் உரிமத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வேண்டும். அதற்கு மேலும் விமானக் கம்பெனிக்காரர்கள் கேட்கிற அனுபவம் தனி. அந்த மணிகளைச் சேர்க்க ஒரு கம்பெனியில் துணை விமானியாக உட்கார வேண்டும். உட்காருவதற்குப் பெரிய விமானத்தில் இன்னொரு பயிற்சி முடிக்க வேண்டும். விதைப்புக் காட்டை விற்ற பணம் அந்த முதல் பயிற்சிக்கே சரியாகிவிட்டதால், மூன்று வருடமாக அவன் வீட்டில்தான் இருந்தான். அடுத்த பயிற்சியைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகப் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் நின்றால் பறப்பதும் நின்றது.

இதெல்லாம் தம்பி போனில் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். லாரி, செங்கல் சூளை, மேட்டூரில் மீன் பெட்டி தூக்கியது என்று எதிலும் நிலைத்ததில்லை. வீட்டுக்கு வருவது அபூர்வம். "கேப்டன்னு போடாதீங்கப்பா" என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். "ஓட்டறவன் கேப்டன்தானே, பின்ன கண்டக்டரா?" என்றாராம் அப்பா.

அன்று காலை நிச்சயத்துக்கு வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். பலகாரத் தட்டைக் கையில் வாங்கியபடியே கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, எத்தன மணி ஓட்டியிருக்கறீங்க?"

தம்பி மறைக்கவில்லை. "இருநூத்தி அஞ்சுங்க மாமா."

"இந்த மாசத்துலீங்களா?"

"மொத்தமாவேங்க."

அவர் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். "எங்க ரிக்குல கம்ப்ரசர் இருக்குதுங்க. மீட்டரப் பாத்தா ஒம்பதாயிரம் மணி ஓடியிருக்குது. அதுக்கு நாங்க பேனரெல்லாம் வெக்கலீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரிக்கு மணியும் ஏரோப்பிளேன் மணியும் ஒண்ணுங்களா?" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். வண்டிக்காரருக்கு வண்டிக் கணக்கில் சொன்னால் புரியும் என்று நினைத்தேன்.

"நம்ம லாரி மாதிரித்தானுங்க இதும். எடுத்ததும் ஸ்டேரிங்கக் குடுக்க மாட்டாங்க. மொதல்ல கிளீனரு, அப்பறம் ஸ்பேர் டிரைவரு, அப்பறந்தான் டிரைவரு. தம்பி இப்போதிக்கு கிளீனரு கணக்குங்க. ஆயிரத்தி ஐநூறு மணி சேந்துதுன்னா டிரைவரு ஆயிருவானுங்க."

சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் லாரி கிளீனருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. விட்டு விட்டு ஆறு வருடம் கிளீனராக இருந்த எனக்கு அது தெரியாததில்லை. எனக்குப் பெண் கேட்டு யாரும் எங்கேயும் போனதே இல்லை.

தாய்மாமன் தட்டைக் கீழே வைத்தார்.

"கேப்டன்னு சொன்னாங்க," என்றார் பெண்ணின் அப்பா, யாரையும் பார்க்காமல். "பேனர்லயும் அப்பிடித்தான் போட்டிருந்துது."

"காப்பி எடுத்துக்குங்க," என்றாள் அம்மா.

"சக்கரைங்க எனக்கு. வேண்டாம்." அவர் எழுந்துவிட்டார். "கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க."

தாம்பூலத் தட்டு மாற்றாமலே எல்லாரும் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது தாய்மாமன் தம்பியின் தோளைத் தட்டி, "வாரேனுங்க கேப்டன்" என்றார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ எதுக்குடா வந்தே?" என்று மட்டும் கேட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக வெளியேறினேன்.

இருட்டுவதற்குள் ராசிபுரம் வந்து, பேருந்து நிலையத்தில் படுத்தேன். காலையில் தம்பி கூப்பிட்டான்.

"வேண்டான்னுட்டாங்கண்ணா."

"நாஞ்சொன்னதாலயா?"

"நீ சொன்னதும் நெசமில்ல. கிளீனராச்சும் வண்டிக்குள்ள உக்காந்திருக்கான். நான் அதும் இல்ல."

வருடாவருடம் உடற்பரிசோதனை செய்துகொண்டால்தான் அவனுடைய உரிமம் செல்லும். அடுத்த மாதம் அதற்கு நாள் வருகிறது, இனிமேல் போகப்போவதில்லை என்றான். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றான். அப்பாவிடம் நான் பேசி எத்தனை காலம் ஆகிறது என்பது அவனுக்கே தெரியும். போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நாமக்கல் பேருந்தில் ஏறி, கையிலிருந்த சில்லறைக்கு வந்த தூரத்தில் இறங்கினேன். சாலையோரம் ஒரு கோழிப்பண்ணை. கேட்டில் நின்ற மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோழி எரு அள்ள ஆள் வேண்டும் என்றார்.

"முன்ன செஞ்சிருக்கியா?"

"இல்லீங்க."

"மூக்குக்குத் துண்டக் கட்டிக்க," என்று சொல்லி ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். கடைசிக் கொட்டகையில், கூண்டுகளுக்கு அடியில், எரு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒரு ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன்.