நூற்றிருபது நிமிட பேட்டரி

நோயாளிகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விடும் வேனை ஓட்டுகிறவள் அவள். எல்லோருக்கும் ‘வேன்க்கா’. தையல் வேலை இடுப்பை முறித்ததால் அதை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவள். புது பேட்டரி போட்டபோது, அதன்மேல் ‘ஆர்.சி. 120’ என்று இருந்ததை நூற்றிருபது மாத கேரண்டி என்று தானாகவே முடிவுகட்டி, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனாள். பெரியவரின் மூக்குக் குழாய்க்கு ஆக்சிஜன் தரும் மெஷினின் சொந்த பேட்டரி காலி. வேன் பேட்டரியில்தான் ஓடியது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் பெல்ட் அறுந்தது. அது இல்லாமல் எஞ்சின் சூடேறிவிடும், பேட்டரிக்கும் சார்ஜ் ஏறாது. ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தாள். மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகுமாம்.

“மெஷின் நின்னுடுமாம்மா?” என்றார் மனைவி, கணவரின் மணிக்கட்டை விடாமல்.

வேன்க்கா உடனே பேட்டரிக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். “நூத்தி இருபது மாச பேட்டரிதானே அண்ணே, எஞ்சினை அணைச்சிட்டு ஆக்சிஜன் மெஷினை ஓட்டினா ஒரு மணி நேரம் தாங்காதா?”

“அது மாசமில்லம்மா, நிமிஷம். ஆர்.சி.ன்னா ரிசர்வ் கெப்பாசிட்டி, எஞ்சின் சார்ஜ் பண்ணாதப்ப இருபத்தஞ்சு ஆம்பியர் இழுத்தா எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிற கணக்கு. உங்க மெஷின் எவ்வளவு இழுக்குது?”

குனிந்து மெஷினின் பக்கவாட்டைப் பார்த்தாள். “பத்துன்னு போட்டிருக்கு.”

“பாதிகூட இல்லையே. நல்ல பேட்டரி, நாலு மணி நேரம் தாராளமா ஓடும். லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது, அப்புறம் ஸ்டார்ட்டும் ஆகும்.”

அவர் சொன்னதை அப்படியே பின்னால் திரும்பிச் சொன்னாள். மாசக் கதையையும் மறைக்கவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து, “எனக்கும் அந்த மாதிரி ஏதாவது எழுதியிருக்கான்னு பாரு” என்றார் மனைவியிடம். மூச்சுவாங்கச் சொன்னாலும் குரலில் குறும்பு போகவில்லை. மனைவி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றுக்காக உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் சீராக உறுமிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் வந்து புது பெல்ட்டை மாட்டினான். வேன்க்கா சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அதுவரை கணவரின் கையைப் பிடித்திருந்த அந்தம்மா அதை மெல்ல விட்டார். தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, முழுவதையும் குடித்து முடித்தார்.