மண்டியிட்டுப் பின்னிய சடை

குற்றாலச் சாரல் தென்காசித் தெருக்களில் பொடிப்பொடியாக இறங்கிய ஓர் ஆடி மாதம் முழுவதும், எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயின் மணத்தை மீறித் தைல நெடி எழுந்துகொண்டிருந்தது. துணிக்கடையில் மேல்தட்டுச் சேலைகளை எட்டி எடுத்து விரிக்கும் என் அம்மாவின் வலது தோள் இறுகிப்போய், கை அதற்குமேல் ஏற மறுத்த காலம் அது. "ஐந்தருவில போயி தோளைக் காட்டி நில்லுங்க மதினி, தண்ணி அடிக்க அடியில கை தானா மேல போவும்" என்று அத்தை சொன்னதை நம்பி அம்மாவும் நனைந்து, நடுங்கித் திரும்பினாள், கை அசையவில்லை.

எட்டாம் வகுப்பிலேயே நான் மேடைப் பேச்சாளி. ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்கும் போட்டியில் எனக்கு வாய்த்த சொல் 'சப்பிள்'. ஒடியாமல் வளையக்கூடியது என்று பொருள். இளங்கொடிக்கும், பதப்படுத்திய தோலுக்கும், ஆடுகிறவரின் உடலுக்கும் உரிய அடைமொழி. அதன் இலத்தீன் வேரிலோ கால் மடித்து மண்டியிட்டு இரப்பவன் இருக்கிறான். பிரெஞ்சு வழியாக வந்த அந்தப் பணிவுதான் பின்னர் உடலின் நெகிழ்வைக் குறிக்கலாயிற்று. "முழங்கால் மண்ணில் பட்ட சொல்லுக்கு முதுகெலும்பு ஏது?" என்று, கைதட்டலுக்கு இடம் விட்டு, என் உரையை முடித்திருந்தேன்.

பள்ளிக்கு "ரெட்டைச் சடை மடிச்சுக் கட்டி"ப் போக வேண்டும் என்பது விதி. நான் நிமிர்ந்து நின்று உரையை ஒப்பிக்க, அம்மா பின்னால் நின்று பின்னுவது போட்டி நாள்களில் எங்கள் வழக்கம். தோள் இறுகியபின் அத்தையே பின்னிவந்தாள். ஆனால் போட்டியன்று காலை அம்மா அவளிடம் சீப்பைக் கொடுக்கவில்லை. அதற்குள் நான் அவளைவிட உயர்ந்திருந்தேன். உச்சி வகிடுக்கு அவள் கை எட்டவில்லை. சீப்பு நழுவி விழுந்தது.

"கொண்டாங்க மதினி, பஸ்ஸு போயிரும். புள்ள தலைவிரி கோலமாவா மேடையேறும்?" என்றாள் அத்தை.

"நீ சும்மா கெட. மேடையேறுத அன்னைக்காவது நான்தான் பின்னுவேன்" என்று அம்மா சீப்பைக் குனிந்து எடுத்தாள்.

நான் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன்.

"ஏட்டி, பாவாட அழுக்காயிரும்!"

"ஆவட்டும். நீ பின்னும்மா."

கை எட்டியது. வலியை மூச்சில் அடக்கிக்கொண்டு அவள் பின்னப் பின்ன, ஒப்பித்துக்கொண்டே வந்த நான் கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

"என்னட்டி, மறந்துட்டியா?"

"இல்லம்மா. முடிவ மாத்தப் போறேன்."

இரப்பதற்கு மட்டுமல்ல, எட்டாத கைக்கு எட்டும்படி ஆவதற்கும் முழங்கால் மடியும் என்று மேடையில் சொன்னேன். சொல்லின் மூலத்தை விட்டு விலகிவிட்டதாக நடுவர் இரண்டாம் பரிசே தந்தார். வலது சடை இடதைவிடச் சற்று இறங்கியிருந்ததை, "ஒரு பக்கம் தராசு சாஞ்சிருக்கே" என்று அத்தை பல நாள் சொல்லிச் சிரித்தாள்.

பொறுமையான பயிற்சியால் அம்மாவின் தோள் இளகி, கை இப்போது கடையின் மேல்தட்டை எட்டுகிறது. நான் படிப்பது சட்டக் கல்லூரியில்; முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "கை நல்லா எட்டுது, பின்னுததுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்கிறாள் அம்மா. தைல நெடியும் இல்லை, சடையும் இல்லை. ஆனாலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் வரும்போது என் முழங்கால்கள் தாமாகவே மடிந்துவிடுகின்றன.