குமிழி நிற்கும்வரை

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் தெருவில்தான் நான் சைக்கிள் பழகினேன். அப்பா குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள், அவர் பிடிக்காமலே ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. காட்டவும் செய்தேன். உடைந்த கோப்பைகளைக் கொட்டி வைத்திருந்த குவியலில் ஏறிச் சைக்கிள் சாய்ந்தது. ஹேண்டில்பார் முனை நெஞ்சில் குத்தியது.

குத்திய இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "ஒண்ணும் ஆவல, எழுந்து வா" என்று அம்மா விபூதி பூசிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது. உதடு நீலமாவதைப் பார்த்த அப்பா என்னை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு எலும்பு வளைஞ்சி குடுத்துடும், உள்ள நுரையீரல் அடி வாங்கிக்கும்" என்றபடியே நெஞ்சில் ஊசியைச் செருகினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று சீறி வந்தது. பிறகு விலாவில் ஒரு குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்கடியில் தண்ணீர் ஊற்றிய புட்டியில் விட்டார்கள். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

"இது நின்னுட்டா வூட்டுக்குப் போயிடலாம் பாப்பா" என்றார் நர்ஸ் அக்கா.

அப்பா அம்மாவிடம் சொன்னார்: "டிக்கெட்ட தள்ளிப் போட்டுட்டேன். இவ வூட்டுக்கு வந்ததும் கெளம்பிடறேன்."

குமிழி நிற்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். இருமினால் அது கொப்பளித்து வருவதை நானாகவே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய் வந்தது. ஆனாலும் விடவில்லை. அப்பா இட்லியைப் பிட்டு ஊட்டினார், கோணல்மாணலாகச் சடை பின்னினார், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார். அப்பா எனக்கே எனக்கென்று இருந்தது அந்த நாட்களில் மட்டும்தான். இன்றைக்கும் மனசு அந்த வார்டுக்குப் போக ஏங்குகிறது.

"மத்த புள்ளைங்க வலிக்குதுன்னு அழும். இவ நல்லா இருமுறா, கெட்டிக்காரி" என்று நர்ஸ் அக்கா அப்பாவிடம் மெச்சிக்கொண்டார். என் திட்டம் தெரியாமல் பாராட்டுகிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு காலையில் குமிழி நின்றுவிட்டது. இருமி இருமிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

இன்னும் கொஞ்சம் பலமாக இருமியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அடைபட்ட காற்றை வெளியே தள்ளி நுரையீரலை விரியவைத்ததே அந்த இருமல்தான் என்பதும், அப்பாவை அத்தனை சீக்கிரம் அனுப்பி வைத்தது நான்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.