சந்தா கட்டிய ஒரே மனிதர்

நானும் என் நண்பனும் மன்னாரிலிருந்து கணினிச் சஞ்சிகை ஒன்று நடத்துகிறோம் என்று சொன்னால் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. பாவம் பார்க்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது. பழைய கணினிக்கு எப்படி உயிர் கொடுப்பது, உப்புக் காற்று அரித்த மதர்போர்டைப் பல்லுத் தீட்டும் பிரஷால் எப்படித் துலக்குவது என்று நாங்கள் எழுதுவதை வாசிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

எருக்கலம்பிட்டியில் போன் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். "தம்பி, ஒங்கட புத்தகம் நல்லம். ஒண்டு வாங்கி, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில போட்டுட்டன். ஊரே வாசிக்குது" என்றார். நன்றிக்காகக் காத்திருந்தார். தேநீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னேன்.

விளம்பரம் கேட்டு ஐஸ் தொழிற்சாலை முதலாளியிடம் போனோம். "என்னட்டை ஐஸ் வாங்கிறது மீன்காரன். அவனுக்கு ஏன் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு வந்தோம். ஓலைத்தொடுவாய்க் கருவாட்டு வியாபாரி மட்டும் அரைப்பக்கம் தந்தார். காசுக்குப் பதில் ஒரு மூட்டை கட்டாக் கருவாடு. மூட்டையைச் சஞ்சிகைக் கட்டோடு ஒரே அறையில் வைத்தது என் நண்பனின் புத்தி. அந்த இதழைக் கையில் வாங்கியவர்கள் முதலில் மோந்து பார்த்தார்கள்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடதாசி விலை ஏறிய பிறகு யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முழுக்காசும் முதலிலை வைச்சால்தான் மெசினிலை ஏத்துவன்." அடுத்த இதழ் வராவிட்டால் சஞ்சிகை செத்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர் ஒரே ஒருவர்தான், இலுப்பைக்கடவையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஒவ்வொரு இதழும் கைக்குக் கிடைத்த அன்றே போன் எடுப்பார். "ஏழாம் பக்கத்திலை சொன்ன மாதிரித்தான் செய்தனான். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. நீங்கள் என்ன படிச்சுப்போட்டு எழுதிறியளோ?" அரை மணித்தியாலம் பேசுவார். காசு கட்டியவருக்குப் பேச உரிமை உண்டுதானே. கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் திடீரென்று இறந்துபோனார். செத்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் கனடாவிலிருந்து மகன் பேசினார்.

"அப்பா உங்கட புத்தகம் வந்தால் சாப்பாட்டையும் மறந்திடுவார். முப்பத்தொராம் நாளுக்குக் குடுக்கிற நினைவு மலரைத் தனிய அடிக்காமல் உங்கட புத்தகத்துக்குள்ளையே போடுங்கோ. செலவு முழுக்க என்ரை."

சஞ்சிகை பிழைத்தது. நடுப்பக்கத்தில் அவருடைய படம், வண்ணத்தில். அவசரத்தில் எதிர்ப்பக்கத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. தேவாலயத்தில் முப்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து, சோற்றுப் பார்சலோடு சஞ்சிகையையும் வாங்கியவர்கள் விரித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கும் தெரிந்தது. படத்துக்கு நேரெதிரே கொட்டை எழுத்தில் ஒரு கட்டுரை: "செத்துப்போனதை எழுப்பச் சில வழிகள்". பூசை வைத்த பங்குச் சுவாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அச்சடித்ததில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. திரும்பி வரும் வழியில் நண்பன் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், இந்தப் பக்கம் வேறை ஆருக்கும் சுகமில்லையாமோ?"

மனுசனா நீ என்று ஏசினேன். சிறிது தூரம் போன பிறகு, "ஏன், ஆருக்கும் ஏலாதாமோ?" என்று நானே கேட்டேன்.

மகன் தந்ததில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மரியாதையாகக் கடையை மூடிவிடலாம் என்று நினைத்தோம். முதலில் சந்தாவின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க அவருடைய மனைவிக்கு வீட்டு இலக்கத்தில் போன் எடுத்தேன். எதிர்ப்பக்கக் கட்டுரைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அதைக் கண்டிருந்தால் அவர் உங்களை ஒரு மணித்தியாலம் ஏசியிருப்பார்" என்றார் அந்த அம்மா. "காசு எனக்கு வேண்டாம் தம்பி. அவர் வருசத்துக்கெண்டு கட்டினவர். புத்தகத்தை அனுப்புங்கோ."

மிச்சக் காசில் அடுத்த இதழை அடித்து அனுப்பினோம். கிடைத்த அன்றே போன் அடித்தது. திரையில் இறந்துபோன தபால் அதிபருடைய கைப்பேசி இலக்கம். இரண்டு தரம் பார்த்துவிட்டு எடுத்தேன்.

"தம்பி, நாலாம் பக்கத்திலை எழுத்து மங்கல். கண்ணாடி போட்டும் தெரியேல்லை. காசு வாங்கிப்போட்டு இப்பிடியோ அடிக்கிறது?"

"பிழைதான் அம்மா" என்றேன். ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அன்றுதான். அவர் அரை மணித்தியாலம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

அச்சகக்காரர் இப்போதும் முழுக்காசு கேட்கிறார். நண்பன் காலையிலேயே கருவாட்டு வியாபாரியைப் பார்க்கப் போய்விட்டான். இலுப்பைக்கடவைச் சந்தா முடிய இன்னும் நாலு இதழ் இருக்கிறது.